இடி இடித்தால் எதிரி வருவான்: மைன்கிராஃப்ட் உலகின் வானிலை

“அம்மா, இப்ப நிறுத்த முடியாது. இடி இடிக்குது, வீட்டைச் சுத்தி ஸோம்பி நிக்குது!”

சன்னலுக்கு வெளியே நல்ல வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போது பிள்ளையிடமிருந்து இப்படி ஒரு பதில் வந்தால் சில பெற்றோருக்குக் கோபம் வரும், சிலருக்குச் சிரிப்பு வரும். விளையாட்டை நிறுத்தாமல் இருக்கச் சொல்லும் சாக்கு என்றே பலரும் நினைப்போம். ஆனால், மைன்கிராஃப்ட் விளையாடுபவர்களிடம் கேட்டால், பிள்ளை சொன்னதில் பாதிக்கு மேல் உண்மை இருக்கிறது என்பார்கள். அந்த உலகில் மழை வெறும் அழகுக்காகப் பெய்வதில்லை. வானம் கறுத்தால் எதிரிகளின் கணக்கே மாறிவிடும்.

வாரக் கணக்கில் கட்டிய வீட்டின் சுவர் ஒரே நொடியில் சிதறுவதும், சேர்த்து வைத்த வைரங்கள் பறிபோவதும் பெரும்பாலும் இத்தகைய வேளைகளில்தான். பிள்ளைகள் அதற்காக அழுவதும் உண்டு. அது ஏன் நடக்கிறது, எப்படித் தடுக்கலாம் என்பதைத் தெரிந்துகொண்டால், விளையாடுபவருக்கும் பயன், “போதும், வா” என்று கூப்பிடுபவருக்கும் பயன்.

கட்டங்களால் ஆன உலகம்

சுவீடனைச் சேர்ந்த மார்கஸ் பெர்சன் என்ற நிரலாளர் 2009ஆம் ஆண்டு மே மாதம் மைன்கிராஃப்டின் முதல் வடிவத்தைப் பொதுமக்களுக்கு வெளியிட்டார். முழுமையான பதிப்பு 2011 நவம்பரில் வந்தது. அதை உருவாக்கிய மோஜாங் நிறுவனத்தை 2014ல் மைக்ரோசாஃப்ட் 2.5 பில்லியன் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. 300 மில்லியனுக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்பனையாகியுள்ளதாக 2023 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் திரைப்படமாகவும் வந்தது. தொடக்கக் காலத்தில் பள்ளி மாணவர்களாக விளையாடியவர்கள் இன்று வேலைக்குப் போகிறார்கள். வார இறுதியில் பழைய நண்பர்களோடு அதே உலகத்துக்குத் திரும்புவோரும் அவர்களில் இருக்கிறார்கள்.

விளையாட்டில் கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. கனசதுரக் கட்டங்களால் ஆன ஒரு பெரிய நிலப்பரப்பில் விளையாட்டாளர் வெறுங்கையோடு விடப்படுவார். மரம் வெட்டலாம், சுரங்கம் தோண்டலாம், பயிர் வைக்கலாம், மாளிகை கட்டலாம். ‘சர்வைவல்’ எனப்படும் உயிர்பிழைக்கும் முறையில் விளையாடினால் பசியும் உண்டு, எதிரிகளும் உண்டு. ஸோம்பி, வில்லேந்திய எலும்புக்கூடு, சிலந்தி, ஓசையின்றி அருகில் வந்து வெடிக்கும் பச்சை நிறக் கிரீப்பர் ஆகியவை அடிக்கடி சந்திக்கும் நான்கு. இதில் கிரீப்பர் பிறந்த கதை சுவையானது. பன்றியை வடிவமைக்கும்போது பெர்சன் நீளத்தையும் உயரத்தையும் மாற்றிப் போட்டுவிட்டார். நிமிர்ந்து நின்ற அந்த விநோத உருவமே பின்னர் விளையாட்டின் அடையாளச் சின்னமாக ஆனது.

இருபது நிமிடத்தில் ஒரு நாள்

மைன்கிராஃப்டில் ஒரு முழு நாள் என்பது நம் கடிகாரத்தில் 20 நிமிடம். பகல் 10 நிமிடம், அந்தி ஒன்றரை நிமிடம், இரவு 7 நிமிடம், விடியல் ஒன்றரை நிமிடம். எதிரிகள் பெருகுவது அந்த 7 நிமிட இரவில்தான். ஆகவே, பகல் 10 நிமிடத்துக்குள் கூரை, கதவு, படுக்கை ஆகியவற்றைத் தயார் செய்துகொள்வதுதான் முதல் நாள் பாடம்.

படுக்கை செய்ய மூன்று கம்பளியும் மூன்று மரப்பலகையும் போதும். அதில் படுத்தால் இரவு சட்டென்று கடந்து காலை வந்துவிடும். இரண்டு, மூன்று பேர் ஒரே உலகில் விளையாடினால், அமைப்பை மாற்றாதவரை எல்லாரும் படுத்தால்தான் விடியும். ஒருவர் மட்டும் சுரங்கத்தில் தோண்டிக்கொண்டிருந்தால் மற்றவர்கள் படுக்கையில் காத்திருக்க வேண்டியதுதான். “அண்ணா, படுங்க அண்ணா!” என்று வீட்டில் கேட்கும் கூச்சலுக்குக் காரணம் இதுதான்.

எதிரி எங்கே தோன்றுகிறான்?

எதிரிகள் எங்கிருந்தோ நடந்து வருவதில்லை. விளையாட்டாளரைச் சுற்றியுள்ள இருண்ட இடங்களில் திடீரென்று தோன்றுகிறார்கள். இதைத்தான் ‘ஸ்பான்’ ஆவது என்கிறார்கள். அதற்கென்று தெளிவான விதிகள் இருக்கின்றன.

முதல் விதி வெளிச்சம். ஒவ்வொரு கட்டத்துக்கும் 0 முதல் 15 வரை ஒரு வெளிச்ச அளவு உண்டு. நண்பகல் வெயிலுக்கு 15. தீப்பந்தத்துக்கு 14. தீப்பந்தத்திலிருந்து ஒவ்வொரு கட்டம் தள்ளிப் போகும்போதும் அளவு ஒன்று குறையும். முன்பெல்லாம் வெளிச்சம் 7 அல்லது அதற்குக் கீழே இருந்தாலே எதிரிகள் தோன்றுவார்கள். 2021 நவம்பர் 30ஆம் தேதி வந்த 1.18 பதிப்பு அந்த விதியைத் தளர்த்தியது. இப்போது தீப்பந்தம் போன்றவற்றின் வெளிச்சம் சிறிதும் எட்டாத, அதாவது 0 ஆக இருக்கும் இடத்தில் மட்டுமே வழக்கமான எதிரிகள் தோன்ற முடியும். ஆக, ஒரு தீப்பந்தம் 13 கட்டம் தள்ளியும் காவல் காக்கிறது. ஆனால், வெளிச்சம் குறுக்கே பாயாது. மூலைக்குப் போக நேராக எத்தனை கட்டம், பக்கவாட்டில் எத்தனை கட்டம் என்று இரண்டையும் கூட்டித்தான் கணக்கு. அதனால், நடுக்கூடத்தில் ஒரே ஒரு பந்தத்தை வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தால், பெரிய அறையின் மூலையில் இருட்டு மிஞ்சும். கிரீப்பருக்கு அந்த ஒரு மூலை போதும்.

இரண்டாவது விதி தூரம். விளையாட்டாளரிலிருந்து 24 கட்டத்துக்குள் எதிரி இயல்பாகத் தோன்றமாட்டான். 128 கட்டத்துக்கு அப்பால் இருப்பவன் மறைந்துபோவான். இடைப்பட்ட வளையத்தில்தான் ஆட்டம் நடக்கிறது. “இப்பதான் பார்த்தேன், யாருமே இல்லை. திரும்பி வர்றதுக்குள்ள நாலு ஸோம்பி” என்று சொல்வதில் பொய் இல்லை. அவர் வீட்டிலிருந்து தள்ளிப் போனதால்தான் வீட்டு வாசல் அந்த வளையத்துக்குள் வந்தது.

மூன்றாவது விதி எண்ணிக்கை. கணினியில் ஓடும் ஜாவா பதிப்பில் தனியாக விளையாடும்போது ஏறத்தாழ 70 எதிரிகள் வரைதான் ஒரே நேரத்தில் இயல்பாகத் தோன்றுவார்கள். நிலத்துக்கு மேலே இருப்பவர்களும் கீழே குகைகளில் இருப்பவர்களும் அந்த ஒரே கணக்கில் அடக்கம். வீட்டுக்கு அடியிலுள்ள குகைகளை எல்லாம் வெளிச்சமாக்கிவிட்டால், அங்கே தோன்றவேண்டியவர்களும் மேலே வந்து தோன்றுவார்கள். அனுபவசாலிகள் முற்றத்துக்கு வெளிச்சம் போட்ட பிறகுதான் குகைக்கு இறங்குவார்கள்.

மழை வேறு, இடிமழை வேறு

வானிலைக்கு வருவோம். மழைக்கும் இடிமழைக்கும் உள்ள வித்தியாசம் புதியவர்களுக்குப் புலப்படுவதில்லை. அந்த வித்தியாசத்தில்தான் ஆபத்து இருக்கிறது.

சாதாரண மழையில் பகல் வெளிச்சம் சற்று மங்கும். ஆனால், புதிய எதிரிகள் வெட்டவெளியில் தோன்றும் அளவுக்கு அது இருட்டில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஸோம்பிகளும் எலும்புக்கூடுகளும் வெயில் பட்டால் தீப்பற்றி எரிந்துபோகும். விடிந்ததும் வாசல் தானாகச் சுத்தமாவது அதனால்தான். மழை பெய்தால் அவை எரிவதில்லை. முந்தின இரவு தோன்றியவை காலையிலும் வீட்டைச் சுற்றிக்கொண்டே இருக்கும். வெயிலை நம்பிக் கதவைத் திறப்பவர் ஏமாந்துபோவார்.

இடிமழை அதைவிட மோசம். வானம் கறுக்கும்போது, நண்பகலாக இருந்தாலும் எதிரிகள் தோன்றுவதற்கான கணக்கில் அது இருட்டாகவே கருதப்படும். வெட்டவெளியில், வயலில், பாதி கட்டிய கோட்டையின் கூரையில் என எங்கும் புதிதாக எதிரிகள் தோன்றலாம். பகல்தானே என்று ஆயுதம் எடுக்காமல் மரம் வெட்டப் போனவருக்குத் திடீரென்று நள்ளிரவு வந்ததுபோல் இருக்கும். இந்த நேரத்திலும் தீப்பந்தம் காப்பாற்றும். பந்தத்தின் வெளிச்சம் விழும் இடத்தில் இடிமழையிலும் எதிரி தோன்றமாட்டான். இன்னொரு சலுகையும் உண்டு. பகலில் படுக்க முடியாத படுக்கையில், இடிமழை நேரத்தில் மட்டும் படுக்கலாம். படுத்து எழுந்தால் புயல் ஓய்ந்திருக்கும். அருகில் எதிரி நின்றால் மட்டும் தூங்க விடாது.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் நமக்கு இடிமழை புதிதல்ல. காலை வெயிலில் சூடேறிய நிலத்திலிருந்து ஈரக்காற்று மேலெழுந்து, பிற்பகலில் மேகம் திரண்டு கொட்டும். அதற்குக் காரணம் உண்டு, பருவம் உண்டு. மைன்கிராஃப்டில் அப்படி எதுவுமில்லை. உள்ளே கண்ணுக்குத் தெரியாத இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. ஒன்று மழைக்கு, மற்றொன்று இடிக்கு. ஜாவா பதிப்பில் ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் இடையே 10 நிமிடம் முதல் இரண்டரை மணி நேரம் வரை இடைவெளி இருக்கலாம். மழை தொடங்கினால் 10 முதல் 20 நிமிடம் வரை பெய்யும். இரண்டு கடிகாரங்களும் ஒருசேர ஒலிக்கும்போதுதான் இடிமழை. அது 13 நிமிடத்தைத் தாண்டுவதில்லை. பெற்றோர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய எண் இது.

மின்னல் பட்டால் மாறும் உருவங்கள்

மின்னல் வெறும் தீயோடு விடுவதில்லை. மின்னல் தாக்கிய கிரீப்பர் நீல ஒளி சூழ நிற்கும். அதன் வெடிப்பு வழக்கத்தைவிட இரு மடங்கு வலுவானது. கிராமத்தில் வசிக்கும் சாதுவான மனிதரை மின்னல் தாக்கினால் அவர் சூனியக்காரியாக மாறிவிடுவார். பன்றியைத் தாக்கினால் அது வாளேந்திய ஸோம்பி வடிவம் எடுக்கும். பயிர் விற்று, பண்டம் மாற்றிப் பல நாள் பழகிய கிராமத்து வியாபாரி இப்படிப் பறிபோனால், விளையாடும் பிள்ளைக்கு அது சின்ன இழப்பில்லை.

இன்னொரு வலை இருக்கிறது. புயல் நேரத்தில் தனியாக ஓர் எலும்புக்கூட்டுக் குதிரை நிற்கும். ஆசைப்பட்டு அருகில் போனால் மின்னல் இறங்கி, குதிரைமேல் ஏறிய நான்கு எலும்புக்கூட்டு வீரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். மாயமானைத் துரத்திய கதை நமக்குத் தெரியும். அதே பாடம்தான் இங்கும்.

இதற்கெல்லாம் மருந்தாக 2021ல் இடிதாங்கி சேர்க்கப்பட்டது. மூன்று செம்புக் கட்டிகளைக் கொண்டு செய்துவிடலாம். சுற்றுவட்டாரத்தில் விழவேண்டிய மின்னலை அது தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். மரக்கூரை வீடு கட்டியவர்களும், கிராமத்தைக் காக்க நினைப்பவர்களும் முதலில் செய்ய வேண்டியது இதுவே. நிஜக் கட்டடங்களிலும் இதே வேலையை இதே போன்ற உலோகக் கம்பிதான் செய்கிறது என்று பிள்ளைக்குச் சொல்ல நல்ல வாய்ப்பு. நீச்சல் குளத்தில் மின்னல் எச்சரிக்கை ஒலித்ததும் ஏன் உடனே கரையேறச் சொல்கிறார்கள் என்ற பேச்சும் அதிலிருந்து தொடரலாம்.

இடத்துக்கு இடம் மாறும் வானம்

உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் மழைக்காலம் என்றாலும், எல்லா இடத்திலும் நீர் விழாது. குளிர்ப் பகுதியில் அது பனியாக இறங்கும். பாலைவனத்தில் துளிகூட விழாது. ஆனால், வானம் மட்டும் கறுக்கும். பாலைவனத்தில் வீடு கட்டியவர் மழை இல்லையே என்று அலட்சியமாக இருந்தால், இடிமழை நேரத்தில் அங்கும் எதிரிகள் தோன்றுவார்கள். பாலைவனத்துக்கே உரிய ‘ஹஸ்க்’ என்ற ஸோம்பிக்கு வெயிலும் ஒன்றும் செய்யாது. பனிப்பகுதியில் ‘ஸ்ட்ரே’ என்ற எலும்புக்கூடு எய்யும் அம்பு பட்டால் கால் தடுமாறி வேகம் குறையும். நிம்மதி வேண்டுமென்றால் காளான் தீவைத் தேடிப் போகலாம். அங்கே வழக்கமான எதிரிகள் இரவிலும் தோன்றுவதில்லை. ஆனால், அதைக் கண்டுபிடிப்பது எளிதல்ல.

மழையில் நன்மையும் உண்டு. தூண்டில் போட்டால் மீன் விரைவாகச் சிக்கும். வாய்க்கால் இல்லாத வயலும் நனையும். எரியும் கூரை அணையும். வெளியே வைத்த கொப்பரையில் நீர் நிரம்பும். உற்றுப் பார்த்தாலே சினந்து பாயும் நெடிய கரிய எண்டர்மேனுக்கு நீர் பட்டால் வலிக்கும். மழை தொடங்கியதும் அது இடம்விட்டு இடம் மறைந்து தத்தளிப்பதைப் பார்க்கலாம். தேனீக்கள் கூட்டுக்குத் திரும்பிவிடும்.

தூங்காதவரைத் தேடி வரும் ஃபேண்டம்

வானத்திலிருந்து வரும் இன்னோர் எதிரிக்கு மழை வேண்டாம். விளையாட்டாளர் தூங்காமல் இருந்தால் போதும். தொடர்ந்து மூன்று நாள், அதாவது நம் கணக்கில் ஒரு மணி நேரம், படுக்கையில் படுக்காதவர் இரவில் வெட்டவெளிக்கு வந்தால், ஃபேண்டம் என்ற பறக்கும் உயிரினம் கூட்டமாகத் தாழ்ந்து பாயும். ஒருமுறை படுத்து எழுந்தால் கணக்கு மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். பூனை வளர்த்தால் ஃபேண்டமும் கிரீப்பரும் அருகே வர அஞ்சும்.

2017ல் ரசிகர்களிடம் வாக்கெடுப்பு நடத்தி, அவர்கள் தேர்ந்தெடுத்ததால் விளையாட்டுக்குள் வந்த உயிரினம் இது. தூக்கத்தைத் தள்ளிப்போட்டால் தண்டனை உண்டு என்று ஒரு காணொளி விளையாட்டே விதி வைத்திருப்பதைப் பெற்றோர் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

‘இன்னும் அஞ்சு நிமிஷம்’ ஏன்?

விளையாட்டில் இறந்தவர் படுக்கையருகே மீண்டும் உயிர்பெறுவார். ஆனால், கையிலிருந்த கருவிகள், கவசம், வைரம் எல்லாம் இறந்த இடத்திலேயே சிதறிக் கிடக்கும். அவை அங்கே 5 நிமிடம்தான் இருக்கும். அதற்குள் ஓடிப்போய் எடுக்காவிட்டால் மறைந்துவிடும். இடிமழையில் இறந்த பிள்ளை, அதே எதிரிகள் நிற்கும் இடத்துக்கு அந்த 5 நிமிடத்துக்குள் திரும்பிப் போக வேண்டும். அந்த நேரத்தில் திறன்பேசியைப் பிடுங்கினால் வரும் கண்ணீருக்குப் பின்னால் பல நாள் உழைப்பு இருக்கிறது.

அதற்காக எல்லாச் சாக்கையும் ஏற்க வேண்டியதில்லை. தனியாக விளையாடும்போது சேமித்துவிட்டு வெளியேறினால் உலகம் அப்படியே உறைந்து நிற்கும். இடிமழையும் ஸோம்பியும் சிதறிய பொருள்களும் நாளைவரை காத்திருக்கும். நண்பர்களோடு ஒரே உலகில் விளையாடும்போது கதை வேறு. ஒருவர் வெளியேறினாலும் மற்றவர்களுக்கு நேரம் ஓடும். ஆகவே, “தனியாவா, கூட்டாளிங்களோடவா?” என்று ஒரு கேள்வி கேட்டாலே, பிள்ளை சொல்வது நியாயமா, நேரம் கடத்துகிறதா என்று தெரிந்துவிடும்.

நேரத்தை எப்படிச் சொல்வது என்பதிலும் ஒரு வழி இருக்கிறது. “இன்னும் அரை மணி நேரம்” என்பதைவிட, “இன்னும் ஒரு நாள் விளையாடு, விடிஞ்சதும் நிறுத்து” என்று சொல்லிப் பார்க்கலாம். ஒரு நாள் என்பது 20 நிமிடம். விடியும் நேரம் வேலை முடியும் நேரமாகவும், பாதுகாப்பான நேரமாகவும் இருக்கும். நடுவில் இடிமழை வந்துவிட்டால் படுத்து எழச் சொல்லலாம். படுக்கை இல்லையென்றாலும், அதிகம் போனால் 13 நிமிடம்தான். அதை இருவரும் முன்பே பேசி வைத்துக்கொண்டால் குரலை உயர்த்த வேண்டிய தேவை குறையும்.

சிறு பிள்ளைகளுக்கு எதிரிகளே வேண்டாம் என்று நினைப்பவர்கள் அமைப்பில் ‘பீஸ்ஃபுல்’ என்ற நிலையைத் தேர்வு செய்யலாம். தாக்க வரும் எதிரிகள் மறைந்துபோவார்கள், பசியும் குறையாது. மழையும் இடியும் மட்டும் தொடரும்.

புயலுக்கு முன் செய்ய வேண்டியவை

- வீட்டுக்குள் மட்டுமின்றி கூரைமேலும் முற்றத்திலும் தீப்பந்தம் வையுங்கள். தட்டையான கூரை எதிரிகள் தோன்ற ஏற்ற இடம். கண்ணாடிக் கூரையில் அவர்கள் தோன்ற முடியாது.

- பெரிய அறைகளில் நடுவில் ஒன்றைவிட, மூலைக்கு ஒன்று என வைப்பது பாதுகாப்பானது.

- வெளியூர்ப் பயணத்திலும் ஒரு படுக்கையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். இரவுக்கும் இடிமழைக்கும் அதுவே தீர்வு. ஆனால், ‘நெதர்’ எனப்படும் பாதாள உலகில் படுக்கையில் படுக்க முயன்றால் அது வெடித்துவிடும்.

- வீட்டுக்கும் கிராமத்துக்கும் ஆளுக்கொரு இடிதாங்கி வையுங்கள்.

- மழைநாள் காலையில் கதவைத் திறக்கும்முன் சன்னல் வழியாகப் பாருங்கள். கிரீப்பர் நெருங்கினால் வெடிக்க ஒன்றரை வினாடிதான் எடுக்கும். உடனே பின்னால் ஓடினால் அது அடங்கிவிடும்.

- வைரம் போன்ற அரிய பொருள்களை வீட்டுப் பெட்டியில் வைத்துவிட்டுப் புறப்படுங்கள். இறந்தாலும் அவை பத்திரமாக இருக்கும்.

அடுத்த முறை வீட்டுப் பிள்ளை இடிமழை என்று சொன்னால், அருகில் உட்கார்ந்து இரண்டே கேள்வி கேட்டுப் பாருங்கள்: “படுக்கை எங்க இருக்கு? கூரைமேல தீப்பந்தம் வச்சியா?” பெரும்பாலும் பிள்ளை திரையை உங்கள் பக்கம் திருப்பி, தான் கட்டியதை எல்லாம் காட்டத் தொடங்கிவிடும். அதைப் பார்த்து முடிப்பதற்குள் விளையாட்டில் விடிந்திருக்கும். “சரி, சேமிச்சிட்டு வா, சாப்பிடலாம்” என்று கூப்பிட அதுவே தோதான நேரம்.